மலையாளக் கதைகள் ஆங்கில எழுத்தில் பரவியது ஏன்?

புனே: 2000-களின் கைப்பேசி இணையத்தில் வயதுவந்தோருக்கான மலையாளக் கதைகள் பல, ஆங்கில எழுத்துகளிலேயே பரவின. தமிழர்களின் 'தங்கிலீஷ்' போன்ற இவ்வழக்கை மலையாளிகள் 'மங்கிலீஷ்' என்பர். ஒளித்து வைப்பதற்கான உத்தியாக இது தோன்றக்கூடும். ஆனால் முதன்மைக் காரணம் தொழில்நுட்பமே.

அக்காலக் கைப்பேசிகள் பலவற்றில் மலையாள எழுத்துரு இல்லை. திரையில் வெற்றுக் கட்டங்களே தெரிந்தன. எண்விசைகளில் ஆங்கில எழுத்துகளே பொறிக்கப்பட்டிருந்தன. ஒரு குறுஞ்செய்தியில் ஆங்கிலத்தில் 160 எழுத்துகள் அடங்கும். ஒருங்குறியில் அமைந்த இந்திய மொழிகளுக்கு 70 இடங்கள்தான். மலையாளத்தின் 'சில்லு' எழுத்துகளுக்கு ஒருங்குறியில் தனிக் குறியீடு கிடைத்ததே 2008-ல்தான்.

கணினியில் நிலைமை வேறு. புனேயின் பாணேரை அடுத்துள்ள பாஷாணில் வளாகம் கொண்ட சி-டாக் நிறுவனத்தின் 'ஜிஸ்ட்' தொழில்நுட்பமும், 1991-ல் இந்தியத் தரமாக ஏற்கப்பட்ட 'இஸ்கி' குறியீடும் மலையாளம், தமிழ் உள்ளிட்ட மொழிகளை முன்னரே கணினிக்குக் கொண்டுவந்திருந்தன. கைப்பேசி அந்த வழியில் வரவில்லை. அரசமைப்பின் அட்டவணை மொழிகள் 22-ஐயும் கைப்பேசியில் படிக்கும் வசதி கட்டாயம் என மத்திய அரசு ஆணையிட்டது 2016-ல்.

சட்டமோ எழுத்து வடிவத்தைப் பார்ப்பதில்லை. ஆபாச உள்ளடக்கத்தை மின்னணு வடிவில் வெளியிடுவதும் அனுப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-வது பிரிவின்படி குற்றம். முதல்முறை குற்றத்துக்கு 3 ஆண்டுகள் வரை சிறையும் ரூ.5 லட்சம் வரை அபராதமும் விதிக்கப்படலாம். எழுதியவர் மட்டுமன்றி, கதையைப் பிறருக்கு அனுப்பியவரும் இப்பிரிவின் வரம்புக்குள் வரக்கூடும்.