மலை ஏறப் போறீங்களா? முதலில் மாடிப்படி!

“வேன் பிடிச்சு பருவதமலை போயிட்டு வந்தோம் டாக்டர். ஏறினது தெரியலை. இறங்கினப்புறம்தான் முட்டியை மடக்க முடியலை!”

ஸ்ரீமுஷ்ணத்தில் என்னிடம் வருகிறவர்கள் அடிக்கடி சொல்கிற புகார் இது. நம்ம பக்கம் எல்லாமே சமவெளி. வயல், முந்திரித் தோப்பு, தார் ரோடு. இங்கிருந்து ராத்திரியெல்லாம் தூங்காமல் பயணம் செய்து, விடிந்ததும் சுமார் 4500 அடி உயர மலையில் படி, பாறை, கடப்பாறைப் பாதை, இரும்புச் சங்கிலி என்று ஏறினால் உடம்பு என்னதான் செய்யும், பாவம்!

ஏறும்போது பாரம் இதயத்துக்கு, இறங்கும்போது முட்டிக்கு. ஒவ்வொரு படியிலும் உடல் எடையைத் தொடைத் தசைதான் பிரேக் போட்டுத் தாங்குகிறது. பழக்கமில்லாத தசை மறுநாள் கட்டிக்கொள்ளும். அதனால் புறப்படுவதற்கு ஆறு வாரம் முன்பிருந்தே தினமும் அரை மணி நேரம் நடங்கள். மாடிப்படியில் ஏறி, நிதானமாக இறங்கிப் பழகுங்கள். வெறும் தசைவலி என்றால் உளுந்துத் தைலத்தை இளஞ்சூடாகத் தேய்த்து ஒத்தடம் கொடுத்தால் போதும். முட்டி வீங்கிக் கால் ஊன்ற முடியவில்லையா? தைலத்தை ஓரமாக வைத்துவிட்டு எலும்பு டாக்டரிடம் போங்கள்.

முட்டி கூடப் பரவாயில்லை. நெஞ்சு விஷயத்தில்தான் எனக்குப் பயம். கோவை வெள்ளியங்கிரியில் 2024-ல் ஒரே பருவத்தில் பல பேர் மலையேறும்போது இறந்தார்கள். இதய நோய், ரத்த அழுத்தம், சர்க்கரை உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று வனத்துறையே சொல்கிறது. நம்ம ஆட்கள் என்ன செய்கிறார்கள்? பாதி வழியில் நெஞ்சை அடைத்தால், “வாயுப்பா, ஒரு சோடா குடிச்சா சரியாயிடும்” என்கிறார்கள்! சித்த வைத்தியன் நானே சொல்கிறேன்: மலையேறும்போது நெஞ்சில் பாரம், தாடையிலோ இடது கையிலோ வலி, குளிர்ந்த வியர்வை வந்தால் அதை வாயு என்று நினைக்காதீர்கள். சுக்குக் கஷாயமும் வேண்டாம். அங்கேயே உட்கார வைத்து, 108-ஐக் கூப்பிடுங்கள். சர்க்கரைக்காரர்களுக்கு வலியே இல்லாமல், வெறும் மூச்சுத் திணறலாகவும் வரும். நாற்பதைத் தாண்டியவர்கள் முன்கூட்டியே டாக்டரைப் பார்த்து, ஈ.சி.ஜி., தேவைப்பட்டால் டிரெட்மில் சோதனை செய்துகொள்வது நல்லது.

விரதம் என்று மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றில் ஏறுகிறார்களே, அது இன்னொரு ஆபத்து. சர்க்கரை திடீரென இறங்கிவிடும். பையில் குளுக்கோஸும் கடலை மிட்டாயும் இருக்கட்டும். உப்புப் போட்ட நீர்மோரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள்.

யாருடன் போகிறீர்கள் என்பதும் முக்கியம். 2018 மார்ச் 11-ல் தேனி மாவட்டம் குரங்கணி காட்டுத் தீயில் 20 பேருக்கு மேல் இறந்தது நினைவிருக்கும். 2024-ல் தமிழக அரசே ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்று 40 பாதைகளைத் திறந்து, பயிற்சி பெற்ற உள்ளூர் இளைஞர்களை வழிகாட்டிகளாக அமர்த்தியது. எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்திருக்கிறார்கள். முதல் தடவையா? கௌரவம் பார்க்காமல் ‘எளிது’க்குப் போங்கள்.

சில இடங்களில் கம்பியில் தொங்கியபடி பாயும் ஜிப்லைனும் உண்டு. கர்ப்பிணிகள், கழுத்து எலும்புத் தேய்மானமோ வலிப்பு நோயோ உள்ளவர்கள் கீழே நின்று வேடிக்கை பார்க்கலாம். எடை கேட்டால் குறைத்துச் சொல்லாதீர்கள். கம்பியும் பெல்ட்டும் அந்தக் கணக்கில்தான் நிற்கின்றன.

கிளம்பும் முன் உங்கள் நோய், சாப்பிடும் மாத்திரை, வீட்டு போன் நம்பர் மூன்றையும் ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள். வழிகாட்டியிடமும் சொல்லிவிடுங்கள். மலை மேலே செல்போன் சிக்னல் எப்போதும் கிடைக்காது.