மெட்டு உள்ளதும் மெட்டு இல்லாததும்: பேஸ் கிடார் வாங்கப் போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்

பேஸ் கிடார் என்று ஒன்று தனியாக இருப்பதே எனக்கு இருபத்திரண்டு வயதில்தான் தெரியும். திருச்சியில் எங்கள் வீட்டு டேப் ரெக்கார்டரில் இளையராஜா கேட்டு வளர்ந்தவன் நான். பேஸ் கிடாரின் மிகத் தடித்த தந்தி நொடிக்கு 41 தடவை அதிர்கிறது. அவ்வளவு தாழ்ந்த ஒலியை எழுப்ப அந்தக் கையகல ஸ்பீக்கருக்குத் திராணி கிடையாது. எம்.எஸ். படிக்க டெக்ஸாஸ் வந்து, மிச்சம் பிடித்த காசில் ஒரு நல்ல ஹெட்ஃபோன் வாங்கி, மனப்பாடமாகத் தெரிந்த ஒரு பழைய பாட்டைப் போட்டேன். பாடகருக்கும் வயலின்களுக்கும் கீழே வேறு யாரோ தன் பாட்டுக்கு இன்னொரு பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார்! அன்று இரவு தூங்கவில்லை. இருபது பாட்டுகளை மறுபடி முதலிலிருந்து கேட்டேன்.

ராஜாவுக்குப் பல ஆண்டுகள் பேஸ் வாசித்தவர் சசிதரன், ரஹ்மானின் பல பாடல்களில் வாசித்தவர் கீத் பீட்டர்ஸ் என்பதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது. அட்டையில் பாடகர் பெயரைத் தேடிய அளவுக்கு இவர்கள் பெயரை நாம் தேடியதில்லை.

இப்போது ஃபிரிஸ்கோவில் என் வயதுக்காரர்கள் பலருக்கு இந்த ஆசை வந்திருக்கிறது. வீடு வாங்கியாயிற்று, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள், சனிக்கிழமை நாலு பேர் கராஜில் கூடி வாசிக்கலாம் என்று. கிடாருக்கு மூன்று பேர், கீபோர்டுக்கு இரண்டு பேர் கிடைப்பார்கள். பேஸுக்கு ஆள் இருக்காது. அதனால் யாராவது ஒருவர் என்னிடம் வந்து, "எதை வாங்கலாம்? மெட்டு வைத்ததா, மெட்டு இல்லாததா?" என்று கேட்பார். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

மெட்டு என்ன செய்கிறது?

கிடாரின் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கம்பிகளைத்தான் ஆங்கிலத்தில் ஃப்ரெட் என்கிறார்கள். வீணைக்காரர்கள் நெடுங்காலமாக மெட்டு என்று சொல்லும் அதே சமாச்சாரம். வீணையில் 24 மெட்டுகளை மெழுகில் நிலையாகப் பதிக்கும் முறை தஞ்சை ரகுநாத நாயக்கர் காலத்தில், அதாவது பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வந்தது என்று சொல்வார்கள். மெட்டே இல்லாத கோட்டு வாத்தியமும் (சித்ரவீணை) நம்மிடம் இருக்கிறது. ஆக, இந்தக் கேள்வி நமக்குப் புதிதல்ல.

மேற்கே கதை கொஞ்சம் தலைகீழ். ஆளுயர டபுள் பேஸில் மெட்டு கிடையாது. காதை நம்பித்தான் வாசிக்க வேண்டும். 1951இல் லியோ ஃபெண்டர் தன் மின்சார பேஸை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது அதற்கு வைத்த பெயர் பிரிசிஷன், அதாவது துல்லியம். மெட்டு இருப்பதால் சுருதி பிசகாது என்பதுதான் அந்தப் பெயரின் பொருள். பத்தே வருடத்தில் ஆட்கள் மெட்டைப் பிடுங்க ஆரம்பித்துவிட்டார்கள். ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் பில் வைமன் 1961இல் ஒரு மலிவு பேஸில் அதைச் செய்தார். 1966இல் ஆம்பெக் கம்பெனி மெட்டில்லாத மின்சார பேஸைத் தயாரித்தது. ஃபெண்டர் 1970இல் வழிக்கு வந்தது. அதன் பிறகு ஜாக்கோ பாஸ்டோரியஸ், மெட்டு நீக்கிய 1962ஆம் வருடத்து ஜாஸ் பேஸ் ஒன்றின் பலகையில் எபாக்ஸி பூசி வாசித்து, 1976இல் தன் பெயரிலேயே ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். இன்றைக்கும் மெட்டில்லாத பேஸ் வாசிப்பவர் அந்தத் தட்டைக் கேட்காமல் தப்பிக்க முடியாது. 1987இல், முப்பத்தைந்து வயதில் அவர் இறந்துபோனார்.

கொஞ்சம் கணக்கு

(கணக்கு பிடிக்காதவர்கள் இரண்டு பத்தி தாண்டிவிடலாம்.)

வழக்கமான பேஸில் அதிரும் தந்தியின் நீளம் 34 அங்குலம், அதாவது 863.6 மில்லிமீட்டர். முதல் மெட்டு தலைப்பக்கத்திலிருந்து சுமார் 48 மி.மீ. தள்ளி இருக்கும். மேலே போகப் போக இடைவெளி ஒரே விகிதத்தில் சுருங்கும். பன்னிரண்டாவது மெட்டு சரி பாதியில் வரும். அதற்கு அடுத்த மெட்டு 24 மி.மீ. தூரத்தில் இருக்கும். இசைக்காரர்கள் ஓர் அரை ஸ்வரத்தை 100 சென்ட் என்று பங்கு போடுகிறார்கள். மெட்டு இருந்தால், அந்த இடைவெளியில் விரலை எங்கே அழுத்தினாலும் தந்தி மெட்டின் மீதுதான் முடிகிறது. சுருதி ஏறக்குறைய ஒன்றுதான். மெட்டு இல்லாவிட்டால் விரல் வைத்த இடமே சுருதி. முதல் மெட்டுப் பக்கம் 1 மி.மீ. பிசகினால் 2 சென்ட், பன்னிரண்டாவது பக்கம் 4 சென்ட். ஐந்து மி.மீ. நகர்ந்தால் அங்கே 20 சென்ட் போய்விடும். பழக்கமில்லாத காதுக்குக்கூட அது உறுத்தும்.

இதில் ஒரு லாபமும் உண்டு. மெட்டுகள் எண்சுருதியைப் பன்னிரண்டு சம பங்காக வெட்டி வைத்தவை. அதில் அந்தர காந்தாரம் 400 சென்டில் நிற்கிறது. தம்பூராவோடு ஒட்டிப்போகும் காந்தாரம் 386இல் இருக்கிறது. இந்த 14 சென்ட் வித்தியாசத்தை மெட்டில்லாத பேஸில் விரலைத் தலைப்பக்கமாகச் சுமார் 5 மி.மீ. நகர்த்திச் சரிசெய்துகொள்ளலாம். ஆனால் பக்கத்தில் கீபோர்டு இருந்தால் இந்தச் சாமர்த்தியத்தை மூட்டை கட்டி வைத்துவிடுங்கள். கீபோர்டு 400இல் நிற்கும்போது நீங்கள் 386இல் நின்றால், தப்பு உங்களுடையதாகத்தான் கேட்கும்.

ஒலியில் வித்தியாசம்

மெட்டு உள்ளதில் தந்தி உலோக விளிம்பில் முடிகிறது. ஒலி பளிச்சென்று தொடங்கித் தெளிவாக நிற்கும். கட்டைவிரலால் அடித்து வாசிப்பதற்கு இதுதான் சரி. மெட்டில்லாததில் தந்தி ஒரு பக்கம் விரல் சதையிலும் மரத்திலும் முடிகிறது. கூர்மையான மேல் ஒலிகளைச் சதை உறிஞ்சிக்கொள்ளும். தந்தி பலகையை லேசாக உரசிக்கொண்டே அதிர்வதால், ஒலி எழுந்த பிறகு வாயைத் திறந்து மூடுவதுபோல ஒரு 'ம்வா' வரும். பலர் மயங்குவது இதில்தான். நானும் அப்படித்தான் மயங்கினேன்.

நம் ஊர்க்காரர்களுக்கு இன்னொரு மயக்கமும் உண்டு: கமகம். மெட்டு இல்லாவிட்டால் கமகம் தானாக வந்துவிடும் என்ற நினைப்பு. இது பாதி உண்மை. ஜாரு, அதாவது ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போவது, மெட்டில்லாததில் அருமையாக வரும். ஆனால் வீணையில் கமகம் பிறப்பதே மெட்டின் மேல் தந்தியை இழுத்துத்தானே? மாண்டலின் ஸ்ரீனிவாஸ் வாசித்தது மெட்டு வைத்த வாத்தியம். கிடார் பிரசன்னா வாசிப்பதும் அதுதான். பேஸின் தொல்லை வேறு இடத்தில் இருக்கிறது. அதன் தந்திகள் ஒவ்வொன்றும் சுமார் 40 முதல் 50 பவுண்டு இழுவிசையில் கட்டப்பட்டவை. வீணைத் தந்தியை இழுப்பதுபோல இழுத்தால் விரல்தான் போகும். எனவே பேஸில் கமகம் வேண்டுமென்றால் வழுக்கல்தான் வழி, அதற்கு மெட்டில்லாதது உதவும். தோடியின் காந்தாரம் உங்கள் தொண்டையிலோ காதிலோ முதலில் இருந்தால்தான் அதுவும் நடக்கும்.

நான் பட்ட பாடு

ஒரு நண்பருடைய மெட்டு வைத்த பேஸில் நாலு மாதம் பழகிவிட்டு, நான் சொந்தமாக வாங்கிய முதல் பேஸ் மெட்டில்லாதது. அதிலும் கோடுகூடப் போடாத வெற்றுப் பலகை. பார்க்க அழகாக இருந்தது என்பதைத் தவிரச் சொல்ல வேறு காரணம் இல்லை. ஆறு மாதத்தில் ஒரு பொங்கல் விழா மேடையில் ஏறினேன். விளக்கை அணைத்துவிட்டார்கள். கழுத்தின் ஓரத்தில் இருக்கும் புள்ளிகள் தெரியவில்லை. டிரம்ஸ் சத்தத்தில் என் ஒலி எனக்கே கேட்கவில்லை. மூன்றாவது பாட்டில் கீபோர்டு நண்பர் திரும்பி என்னைப் பார்த்தார். நாலாவது பாட்டில் ஒலிபெருக்கியைக் கவனித்துக்கொண்டிருந்தவர், என் மேல் உள்ள கருணையால், என் சத்தத்தைக் குறைத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து வீடியோவைப் போட்டு டியூனரில் பார்த்தேன். எல்லா ஸ்வரமும் கீழே. பல இடங்களில் 20 சென்ட். காரணம் எளியது. மெட்டு உள்ள பேஸில் விரலை மெட்டுக்குச் சற்றுப் பின்னால் வைக்க வேண்டும். மெட்டில்லாததில், மெட்டு எங்கே இருந்திருக்குமோ, அந்தக் கோட்டின் மேலேயே வைக்க வேண்டும். நான் பழைய பழக்கத்தில் ஏழு மி.மீ. பின்னாலேயே வைத்துக்கொண்டிருந்தேன். ஐந்தாவது மெட்டுப் பக்கத்தில் அது 19 சென்ட். மோசமாக வாசித்ததைவிட, வாசிக்கும்போது அது எனக்குத் தெரியவில்லை என்பதுதான் வலித்தது. அந்தப் பேஸை நஷ்டத்துக்கு விற்றேன். மெட்டு வைத்த ஜாஸ் பேஸ் ஒன்று வாங்கி இரண்டு வருடம் அதில் மட்டும் வாசித்தேன். அதன் பிறகுதான் மறுபடி மெட்டில்லாதது. இந்தத் தடவை கோடு போட்டது.

வாங்கும்போது

என் சிபாரிசு இது. வயலினோ கோட்டு வாத்தியமோ வாசித்த கை என்றால், நேரே மெட்டில்லாததற்குப் போகலாம். மற்றவர்கள் முதலில் மெட்டு வைத்ததை வாங்குங்கள். ஓரிரு வருடம் கழித்தும் அந்த 'ம்வா' கனவில் வந்தால், கோடு போட்ட மெட்டில்லாததை வாங்குங்கள். கோடு போட்டதை வாங்குவது கௌரவக் குறைவு என்று சொல்பவர்கள் இருட்டு மேடையில் வாசித்திருக்க மாட்டார்கள்.

மெட்டு உள்ளவற்றில் இரண்டு பெரிய குடும்பங்கள். பிரிசிஷன் வகையில் இரண்டு துண்டாகப் பிளந்த ஒரே ஒரு பிக்கப். ஒலி கனத்து, பாட்டின் நடுவே சிக்கென்று உட்காரும். மோடவுனின் ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்தது இதைத்தான். 1960இல் வந்த ஜாஸ் வகையில் இரண்டு பிக்கப். கழுத்து தலைப்பக்கம் ஒல்லியாக, ஒன்றரை அங்குல அகலத்தில் இருக்கும். இரண்டு பிக்கப்பையும் கலந்து பலவித ஒலி எடுக்கலாம். சிறிய கை உள்ளவர்களுக்கு 30 அங்குல நீளத்தில் குட்டை பேஸ்களும் உண்டு. பால் மெக்கார்ட்னியின் வயலின் வடிவ ஹோஃப்னர் அந்த ரகம். ஐந்து தந்தி முதலில் வேண்டாம். நாலையே நமக்குச் சமாளிக்கத் தெரியவில்லை.

கடையில் பார்க்க வேண்டியவை:

வாரை மாட்டிக்கொண்டு பத்து நிமிடம் நில்லுங்கள். சராசரி எடை நாலு கிலோ. தலைப்பக்கம் கீழே தொங்கினால் இடது கை தாங்கிக்கொண்டே இருக்க வேண்டும், அது வேண்டாம்.

மெட்டு உள்ளது என்றால் ஒவ்வொரு தந்தியிலும் ஒவ்வொரு மெட்டையும் அழுத்திப் பாருங்கள். எங்காவது கரகரத்தால் கேளுங்கள். கழுத்தின் ஓரமாகக் கையை ஓட்டுங்கள்; மெட்டு முனை குத்தக்கூடாது.

மெட்டில்லாதது என்றால் ஓரப் புள்ளிகள் கோட்டின் மேல் இருக்கின்றனவா, இரண்டு கோடுகளுக்கு நடுவில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இரண்டு மாதிரியும் விற்கிறார்கள். நடுவில் இருந்தால் அதை நம்பி விரல் வைப்பவர் கதி என் கதிதான்.

பலகையின் மரத்தையும் கேளுங்கள். எபனி கெட்டி, ரோஸ்வுட் மென்மை. வட்டக் கம்பி சுற்றிய தந்திகள் மென்மையான பலகையை அரம் மாதிரி அராவிவிடும். பட்டைக் கம்பி சுற்றியவை பலகைக்கு நல்லவை. ஒலி கொஞ்சம் மந்தமாக இருக்கும். எபாக்ஸி பூசிய பலகை என்றால் வட்டக் கம்பியே போடலாம்.

பேஸுக்கு என்று செய்த ஆம்ப்ளிஃபயர் கட்டாயம் வேண்டும். சின்னது போதும். இல்லையென்றால் ஹெட்ஃபோனாவது வேண்டும். மடிக்கணினி ஸ்பீக்கரில் வாசித்தால் என் திருச்சி டேப் ரெக்கார்டர் கதைதான்.

கடைசியாக, நம் ஊர் வெயில். ஜூலை மாதத்தில் காரில் வாத்தியத்தை விட்டுவிட்டு ஹனுமான் கோயிலுக்குள் போகாதீர்கள். கழுத்து வளையும். குளிர்காலத்தில் ஹீட்டரால் மரம் காய்ந்து சுருங்கும்போது மெட்டு முனைகள் வெளியே நீட்டிக்கொள்ளும். கழுத்துக்குள் இருக்கும் இரும்புத் தண்டைத் திருகி வளைவைச் சரிசெய்யலாம். முதல் தடவை தெரிந்தவரிடம் கொடுத்துச் செய்யுங்கள்.

முடிந்தால் 380 நெடுஞ்சாலையில் மேற்கே டென்டன் வரை ஒரு மாலை போய் வாருங்கள். அங்கே உள்ள வட டெக்ஸாஸ் பல்கலைக்கழகம் 1947லிருந்து ஜாஸுக்குப் பட்டம் தருகிறது. பேஸ் வாசிப்பவரான மைக்கேல் லீக் 2004இல் ஸ்னார்க்கி பப்பி குழுவைத் தொடங்கியது அங்கேதான். மாணவர் கச்சேரிகளில் முன்வரிசையில் உட்கார்ந்து இடது கையைக் கவனித்தால் பத்து யூட்யூப் பாடத்துக்குச் சமம்.

போன நவராத்திரிக்கு அம்மா வந்திருந்தார். கையோடு வீணையும் வந்தது. வந்த வேகத்தில் உறையைப் பிரித்து மெட்டு மெழுகு இளகியிருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தார். கொலுவில் அவர் கல்யாணி வாசிக்க, நான் மெட்டில்லாத பேஸில் கீழ் ஷட்ஜத்தையும் பஞ்சமத்தையும் பிடித்துக்கொண்டிருந்தேன். நடுவில் ஆசை விடாமல் காந்தாரத்துக்கு வழுக்கினேன். அம்மா நிறுத்தவில்லை. முடித்த பிறகு மட்டும், "காந்தாரம் கொஞ்சம் தூக்கலா இருந்துதுடா" என்றார்.

"இதுல மெட்டு கிடையாதும்மா. அதான் கஷ்டம்."

"எனக்கு இருபத்திநாலு மெட்டு இருக்கு. அதுலயும் காதால கேட்டுத்தான் வாசிக்கறேன்."

மறுநாள் காலை எழுந்து தம்பூரா செயலியைப் போட்டுவிட்டு, டியூனரை அணைத்துவைத்து, அந்த ஒரே ஸ்வரத்தை அரை மணி நேரம் தேடினேன். சமையலறையிலிருந்து இரண்டு தடவை "ம்ம்" என்று குரல் வந்தது. அந்த இரண்டு இடத்தையும் விரல் இன்னும் ஞாபகம் வைத்திருக்கிறது.