புத்தக வணிகரின் வாசிப்புப் பசி

இலண்டன் மாநகரிற் பெரும் புத்தக வணிகராக விளங்கிய ஜேம்ஸ் லாக்கிங்டன் (1746–1815), இளமையிற் சப்பாத்துத் தைக்கும் தொழிலாளியாக இருந்தவர். வாலிப வயதிலேதான் அவர் வாசிக்கப் பழகினார். வறுமையுற்றிருந்த காலத்தில், நத்தார் விருந்துக்கென எஞ்சியிருந்த அரைக் கிரவுண் நாணயத்தைக் கொடுத்து, எட்வர்ட் யங் இயற்றிய ‘இரவுச் சிந்தனைகள்’ என்னும் கவிதை நூலை வாங்கிவந்தார். உணவு ஒரே நாளில் தீர்ந்துவிடும், நூலோ வாழ்நாள் முழுவதும் விருந்தளிக்கும் என்று மனைவிக்குச் சமாதானங் கூறினார்.

1774இல் அவர் புத்தகக் கடை திறந்தார். விலை குறையாதிருக்கும்பொருட்டு, விற்பனையாகாத பிரதிகளிற் பெரும்பகுதியை அழித்துவிடுவது அக்கால வணிகர் வழக்கம். லாக்கிங்டனோ அவற்றை மொத்தமாக வாங்கி, மலிவாக விற்றார். உணவை விடுத்து நூல் வாங்கிய அவருக்கு, வறிய வாசகரின் ஏக்கம் நன்கு தெரிந்திருந்தது. அவ்வாசகர்களாலேயே அவர் செல்வருமானார்.