முள் தைத்த காலும் மதுரைக்கால் வியாதியும்

ஐப்பசி மழை விழுந்து, கழுகுமலையைச் சுற்றியுள்ள கரிசல் காடுகளில் உளுந்தும் பாசியும் பருத்தியும் முளைவிட்டு நிற்கும் பருவத்தில், ஈரமண் செருப்பில் அப்பி அடிக்கு அடி கனத்துவிடுவதால், களை எடுப்போரும் ஆடு மேய்ப்போரும் அதைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு நடப்பதே வழக்கம். அவ்விதம் நடக்கையில் கருவேல முள்ளோ உடைமுள்ளோ தைத்துவிட்டால், முள்வாங்கியால் அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். ஆனால் அந்த முள்முனையோடு மண்ணில் வாழும் சூக்ஷ்ம ஜீவன் ஒன்று தோலுக்கடியில் சேர்ந்துவிடுமானால், மாதங்கள் கழித்தோ ஆண்டுகள் கழித்தோ அவ்விடத்தில் கெட்டியான ஒரு கட்டி கிளம்புவதுண்டு. வைத்திய நூல்கள் இவ்வியாதியை மதுரைக்கால் என்கின்றன.

மதுரையில் பணிபுரிந்த கில் என்னும் ஆங்கில வைத்தியர் 1842-இல் இதனை விவரித்தெழுதியதால் வந்த பெயர் அது. பின்னர் பம்பாயிலிருந்து ஆராய்ந்த வாண்டைக் கார்ட்டர், கிரேயின் கீர்த்தி பெற்ற உடற்கூற்று நூலுக்குச் சித்திரங்கள் வரைந்த அதே மனிதர், இதற்குக் காரணம் ஒரு பூஞ்சையே என்று 1860-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நிலைநாட்டினார்.

பூஞ்சை என்பது தாவரமும் அன்று, பாக்டீரியாவும் அன்று. மட்கிய பொருள்களில் மெல்லிய இழைகளை ஓட்டி, அவற்றைக் கரைத்து உறிஞ்சி வாழும் தனி வர்க்கம். மண்ணில் சாதுவாகக் கிடக்கும் இந்த இழைகள் தேகத்துக்குள் நுழைந்ததும், இரத்தத்தின் வெள்ளணுக்கள் அவற்றைச் சூழ்ந்துகொள்ள, இழைகளோ ஒன்றோடொன்று பின்னி, கருநிறமான பிசின் போன்ற பொருளால் தம்மை இறுக்கிக்கொண்டு, கடுகினும் சிறிய மணிகளாகத் திரள்கின்றன. அக்கவசத்தைத் தாண்டி வெள்ளணுவும் எளிதில் புகாது, மருந்தும் புகாது. காலக்கிரமத்தில் கட்டியில் பல துவாரங்கள் விழுந்து, சீழோடு இம்மணிகள் வெளிவருகின்றன. உள்ளேயோ, அரிப்பு எலும்பு வரைக்கும் போய்விடுகிறது.

இத்தனைக்கும் பெரும்பாலும் வலி இராது. இந்நோயின் கொடுமையெல்லாம் இந்த ஒன்றில்தான் இருக்கிறது என்பது என் திடமான அபிப்பிராயம். அன்றாடக் கூலியை நம்பிய ஒருவர், வலிக்காத கட்டிக்காக ஒருநாள் வேலையை இழந்து ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டார். போகும் நாளிலோ, காலை எடுக்கவேண்டும் என்ற வார்த்தையைக் கேட்க நேரிடுகிறது.

இதே உருவில் வரும் வியாதிக்குப் பூஞ்சையைப் போலவே இழை விட்டு வளரும் ஒருவகைப் பாக்டீரியாவும் காரணமாகலாம். தென்னிந்தியாவில் அதுவே மிகுதி. அது பாக்டீரியாவைக் கொல்லும் மருந்துகளுக்குப் பெரும்பாலும் கட்டுப்பட்டுவிடும். பூஞ்சை அப்படியன்று. அதன் உயிரணு பாக்டீரியாவைவிட நம்முடைய உயிரணுவுக்கே நெருங்கிய அமைப்புடையதாகையால், நம்மைக் காயப்படுத்தாமல் அதை மட்டும் தாக்கும் மருந்துகள் சிலவே. பூஞ்சை தன் உயிரணுச் சவ்வுக்கு வேண்டிய எர்கோஸ்டிரால் என்னும் கொழுப்பைச் செய்யவிடாமல் தடுக்கும் இட்ரகோனசோலை ஓராண்டுக்கு மேலும் உட்கொண்டு, அத்துடன் கட்டியை அறுத்தெடுக்கவும் வேண்டியிருக்கும்.

மதுரையின் பெயர் தாங்கிய இவ்வியாதி இன்று சூடான் தேசத்தில்தான் வெகுவாகக் காணப்படுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2016-இல்தான் இதனைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் வரிசையில் சேர்த்தது. கில் எழுதி 174 ஆண்டுகள் கழித்து! ஏழைகளின் காலில் வரும் நோய்க்கு உலகம் இவ்வளவு தாமதித்தது பெரும் வேதனை.

வந்த வியாதி பூஞ்சையாலா பாக்டீரியாவாலா என்று அறிவதற்கு முதல் துப்பு அந்த மணிகளின் நிறமே: கறுப்பு பெரும்பாலும் பூஞ்சையைக் காட்டும், சிவப்பு பாக்டீரியாவைக் காட்டும், வெள்ளையும் மஞ்சளும் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். ஆகையால் கட்டியிலிருந்து வரும் மணிகளைத் துடைத்தெறிந்துவிடாமல், அவை ஒட்டிய கட்டுத்துணியோடு வைத்தியரிடம் கொண்டுபோய்க் காட்டுவது நல்லது. அவற்றை நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தால், இழை பருத்திருக்கிறதா, பாக்டீரியாவுக்குரியபடி மிக மெலிந்திருக்கிறதா என்பது தெரிந்துவிடும்.