குழந்தையின் கையில் ஒரு வில்

விஜயதசமியன்று மாலை, தமிழகத்துக் கோயில்கள் பலவற்றில் அம்பு போடும் உற்சவம் நடைபெறும். பெருமாளோ அம்பாளோ குதிரை வாகனத்தில் எழுந்தருள, வன்னிக் கிளையோ வாழை மரமோ நட்ட இடத்தில் அர்ச்சகர் சுவாமியின் சார்பாக அம்பு எய்வார். தந்தையின் தோளில் அமர்ந்து அதைக் கண்டு களிக்கும் சிறுவன் வீடு திரும்பியதும் வைக்கும் வேண்டுகோள் பெரும்பாலும் ஒன்றுதான்: "எனக்கும் ஒரு வில் வேண்டும், தாத்தா!"

அவ்வேண்டுகோளை நிறைவேற்றுமுன், பெரியவர்கள் ஒரு பழைய நிகழ்ச்சியை நினைவிற்கொள்வது நலம். இளம்பிராயத்தில் இராமபிரானும் வில்லால் விளையாடியவனே. அது அம்பு எய்யும் வில்லன்று. களிமண் உருண்டையை வைத்து அடிக்கும் உண்டைவில். அவன் விளையாட்டாக விட்ட உண்டை, அரண்மனைப் பணிப்பெண்ணாகிய கூனியின் முதுகிற் பட்டது. வால்மீகி முனிவர் கூறாத இச்செய்தியைத் திருமழிசையாழ்வார் திருச்சந்த விருத்தத்தில் குறிப்பிடுகிறார். கம்பரோ, கைகேயியின் மனத்தைக் கலைக்கப் புறப்படும் வேளையில் மந்தரை அந்தப் பழைய அடியை எண்ணிக்கொண்டே சென்றதாகப் பாடுகிறார். எறிந்தவன் மறந்துவிட்டான்; அடிபட்டவள் மறக்கவில்லை. சிறு மண்ணுருண்டை ஒன்றின் வடு, அயோத்தியே கண்ணீர் விட்ட நாளில் வெளிப்பட்டது.

அறமே உருவான இராமனின் விளையாட்டு வில்லுக்கே இத்தகைய வரலாறு உண்டென்றால், வீட்டுப் பிள்ளையின் கையில் வில்லைக் கொடுக்கும் பெரியவர் அதனுடன் அடக்கத்தையும் சேர்த்துக் கொடுத்தாக வேண்டும். அதற்குச் சிறந்த வழி, வில்லைக் கடையில் வாங்காமல் குழந்தையை அருகில் அமர்த்திக்கொண்டு வீட்டிலேயே செய்வதாகும்.

ஆறேழு வயதுக் குழந்தைக்கு அதன் தோள் உயரமுள்ள வில் போதும். ஏறக்குறைய 90 முதல் 100 சென்டிமீட்டர். முற்றிய மூங்கிலைப் பிளந்து, இரண்டு விரற்கடை அகலமுள்ள பிளாச்சு ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். நடுவிலிருந்து இருபுறமும் கணுக்கள் ஏறத்தாழச் சம தூரத்தில் அமைந்திருப்பது நல்லது. பச்சை மூங்கிலாயின், வெயில் படாமல் நிழலில் சில வாரங்கள் உலர்த்த வேண்டும்.

மூங்கிலின் வலிமை அதன் வழவழப்பான மேல்தோலில் இருக்கிறது. வில் வளையும்போது வெளிப்புறமே இழுபடுவதால், தோற்பகுதி எய்பவருக்கு எதிர்ப்புறமாக அமைய வேண்டும். அத்தோலை எக்காரணம் கொண்டும் சீவலாகாது. உட்புறத்தை மட்டும், நடுவில் கைப்பிடி கனமாகவும் முனைகளை நோக்கிச் செல்லச் செல்ல மெலிதாகவும் இருக்குமாறு, சிறிது சிறிதாகச் செதுக்க வேண்டும். அவ்வப்போது மெல்ல வளைத்துப் பார்த்தால் எந்தப் பக்கம் விறைப்பாக இருக்கிறது என்பது தெரியும். அந்தப் பக்கத்தையே மேலும் செதுக்க வேண்டும். அவசரப்பட்டு ஓரிடத்தில் அதிகமாகச் செதுக்கிவிட்டால், வில் பின்னர் அவ்விடத்திலேயே முறியும். இரு கைகளும் ஒரே அளவில் வளையும்போதுதான் அது வில்லாகிறது. சிராய்கள் குழந்தையின் கையில் ஏறாதபடி ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்து மழுக்கி, நல்லெண்ணெய் பூசுதல் வேண்டும்.

முனைகளிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் உள்ளே, பக்கவாட்டில் நாண் தங்குவதற்குச் சிறு வெட்டு இடுவார்கள். முறுக்கிய பருத்தி நூற்கயிறு நாணாகப் போதும். நாணேற்றிய பின், கைப்பிடிக்கும் நாணுக்கும் இடையே குழந்தையின் மூடிய கை, கட்டை விரலை உயர்த்தியபடி அடங்கும் இடைவெளி வேண்டும். கை நடுங்காமல் குழந்தை நாணை மார்பு வரை இழுக்க முடிந்தால், வில் அதன் வலிமைக்கு ஏற்றதாகும். முடியாவிட்டால் இன்னும் சிறிது செதுக்க வேண்டும்.

அம்புக்கு நேரான நாணற்குச்சியோ மெல்லிய மூங்கிற்குச்சியோ ஏற்றது. குழந்தை நாணை முழுவதும் இழுத்தபோதும் அம்பின் நுனி வில்லைத் தாண்டி முன்னே நிற்குமளவு நீளம் அவசியம். நுனியைக் கூராக்காமல், பஞ்சை வைத்துத் துணியால் பெரிய உருண்டையாக இறுகக் கட்டிவிட வேண்டும்.

வில் உருவானபின், அதற்குரிய ஒழுக்கத்தைச் சொல்லித்தரும் நேரம் வருகிறது. மனிதரையோ, ஆடு மாடுகளையோ, காக்கை குருவிகளையோ விளையாட்டுக்காகக்கூடக் குறிபார்க்கலாகாது. அனைவரும் எய்பவரின் பின்னால் நின்ற பிறகே அம்பைத் தொடுக்க வேண்டும். வானை நோக்கி எய்யக் கூடாது. அம்பின்றி வெறும் நாணை இழுத்து விட்டால் வில் முறியக்கூடும். விளையாட்டு முடிந்ததும் நாணைக் கழற்றி வைக்க வேண்டும். இவை யாவும் பெரியவர் ஒருவரின் கண் முன்னே நடைபெற வேண்டும்.

"குருவியை அடித்தால் என்ன?" என்று குழந்தை கேட்குமானால், துரோணர் வைத்த தேர்வைச் சொல்லலாம். மரக்கிளையில் இருந்த பறவையின் தலையைக் குறிபார்க்கச் சொன்னார் ஆசாரியர். அர்ச்சுனனுக்கு அதைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. பலரும் கவனிக்காத செய்தி ஒன்று அக்கதையில் உண்டு. அந்தப் பறவை உயிருள்ளதன்று. சிற்பிகளைக் கொண்டு துரோணர் செய்வித்து வைத்த பொம்மை என்றே மகாபாரதம் கூறுகிறது. மாவீரர்களை உருவாக்கிய ஆசிரியரே மாணவரின் பயிற்சிக்குச் செயற்கைப் பறவையைத்தான் வைத்தார். வைக்கோல் திணித்த பழைய சாக்கு ஒன்று பேரக்குழந்தைக்குப் போதாதா?

சரசுவதி பூஜையன்று புத்தகங்களுக்கு அருகில் அந்தச் சிறு வில்லையும், அதைச் செதுக்கிய அரிவாளையும் உளியையும் வைத்துச் சந்தனம், குங்குமம் இடலாம். யஜுர் வேதத்தின் உபவேதமாகத் தனுர்வேதத்தைப் பெரியோர் போற்றியுள்ளனர். வில்லும் ஒரு வித்தையே. மறுநாள், வித்தியாரம்பத்துக்குரிய விஜயதசமியில், வில்லை எடுத்துக் கொடுத்து முதல் அம்பை எய்யச் செய்யலாம்.

கொடுக்கும்போது கூனியின் கதையையும் ஒருமுறை சொல்லிவிடுவது நல்லது. விட்ட அம்பைப் பொறுக்கிக்கொண்டு வரலாம். அது ஒருவர் மனத்தில் உண்டாக்கிய புண்ணைத் திரும்ப எடுக்க இயலாது. இதை அறிந்த பிள்ளையின் கையில் வில் இருப்பதைக் கண்டு, கோதண்டம் ஏந்திய அண்ணல் நிச்சயம் மகிழ்வான்.