நரம்பை எடுத்த பிறகும் பல் ஏன் நோகிறது?

இரவெல்லாம் பல்வலியில் உருண்டுவிட்டு, விடிந்ததும் நாவுல சந்தியில் பஸ் ஏறி மாத்தளைக்கோ தம்புள்ளைக்கோ போகிறீர்கள். பல் வைத்தியர் விறைப்பு ஊசி போட்டு, பல்லைத் துளைத்து நரம்பை எடுத்து, தற்காலிகமாக அடைத்து அனுப்புகிறார். வீடு வந்து சேர்வதற்குள் விறைப்பு விட்டுப்போகிறது, வலி திரும்புகிறது. நரம்பைத்தான் எடுத்தாயிற்றே, பிறகென்ன?

இந்த வலி பல்லுக்குள் இருந்து வருவதல்ல. வேர் நுனியைச் சுற்றியுள்ள எலும்பும், பல்லை எலும்போடு பிணைக்கும் இழைகளும் ஏற்கெனவே அழற்சியில் இருந்தவை. சிகிச்சையில் இன்னும் சற்று சீண்டப்பட்டிருக்கும். முதல் நாள்தான் கடுமை. இரண்டு மூன்று நாளில் தணியும். கடிக்கும்போது நோவது ஒரு வாரம் வரை இருக்கலாம்.

மாத்தளைப் பக்கத்தில் பல்வலி என்றால் கை தானாகக் கராம்புப் போத்தலுக்குப் போகும். கராம்பிலுள்ள யூஜினோல் நரம்பை மரக்கச் செய்வது உண்மை. சில தற்காலிக அடைப்புகளிலும் அது கலந்திருக்கிறது. ஆனால் அடைத்த பல்லின்மேல் வைத்த கராம்பு வேர் நுனியை எட்டாது. அதன் எண்ணெய் முரசைப் புண்ணாக்கிவிடும்.

எந்தக் குளிசை?

விறைப்பு விடுமுன்பே முதல் வேளையைப் போடுவது நல்லது. பெரியவர்களுக்கு 500 மில்லிகிராம் பனடோல் இரண்டு, 6 மணித்தியாலத்துக்கு ஒருமுறை. நாளொன்றுக்கு 8 குளிசைக்கு மேல் கூடாது. மெலிந்தவர்களும் ஈரல் நோயாளரும் அளவைக் கேட்டறிய வேண்டும். வைத்தியர் சம்மதித்தால் சாப்பாட்டுக்குப் பின் 400 மில்லிகிராம் இபுபுரோபெனும் சேர்க்கலாம். இரண்டும் சேர்ந்தால் தனித்தனியே போடுவதைவிட நன்றாக வேலை செய்யும்.

டெங்குச் சந்தேகம், வயிற்றுப் புண், ஆஸ்துமா, கர்ப்பம், இரத்தம் உறையாமைக்கான மருந்து இருந்தால் இபுபுரோபென் வேண்டாம். சிறுநீரக நோயாளருக்கும் ஆகாது. வில்கமுவ போன்ற இடங்களில் சிறுநீரக நோய் பரவியுள்ள மாத்தளை மாவட்டத்தில் இதை மறக்கலாகாது. அன்டிபயோட்டிக் கிருமிக்கான மருந்து. இந்த வலியைக் குறைக்காது.

எப்போது ஓட வேண்டும்?

வாயை மூடும்போது அந்தப் பல் மட்டும் முதலில் முட்டினால் வைத்தியரிடம் காட்டுங்கள். சற்று அராவினாலே வலி குறையும். காய்ச்சல், கண்ணுக்கோ கழுத்துக்கோ பரவும் வீக்கம், வாய் திறக்கவோ விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் என்றால் காத்திருக்காதீர்கள். 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள்.

தற்காலிக அடைப்பு சில வாரங்களே தாங்கும். அது தேய்ந்தால் கிருமி மறுபடி உள்ளே போகும். ஆகவே வலி நின்ற பிறகும் அந்த பஸ்ஸில் இன்னொரு தரம் ஏறத்தான் வேண்டும்.