உருவமில்லா நாடோடிகள்

1958-இல் வந்த 'தி பிளாப்' என்ற ஹாலிவுட் படத்தில், விண்கல்லோடு வந்திறங்கிய உருவமற்ற கூழ் ஒன்று மனிதர்களை விழுங்கும். கற்பனை இருக்கட்டும். உருவமே இல்லாத உயிர் கூடி வாழுமா? வாழும், காட்டு மண்ணிலேயே.

டிக்டியோஸ்டீலியம் டிஸ்காய்டியம் ஓர் அமீபா. தனித்தனியாக அலைந்து பாக்டீரியாவைத் தின்னும். இரை தீர்ந்தால், பசித்த செல்கள் சைக்ளிக் ஏஎம்பி என்ற வேதிப்பொருளைக் கசியவிடும். அதை உணர்ந்த செல்கள் அத்திசையில் நகரும், தாமும் கசியவிடும். செய்தி அலை அலையாகப் பரவி, ஒரு லட்சம் செல்கள் வரை ஒன்றுசேர்ந்து, சில மில்லிமீட்டர் நீள உருளையாக வெளிச்சத்தை நோக்கி ஊரும். தலைவன் கிடையாது, மூளையும் கிடையாது!

பயணம் முடிந்ததும் சுமார் ஐந்தில் ஒரு பங்கு செல்கள் செத்துக் காம்பாகின்றன. மற்றவை அதன் உச்சியில் வித்துகள். சாகும் முறை வராமல் நழுவும் கில்லாடிச் செல்களும் உண்டு.

2011-இல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வுதான் உச்சம். காட்டிலிருந்து எடுத்த வகைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று, பாக்டீரியாவை முழுதும் தின்னாமல் வித்துகளோடு சுமந்து சென்று, புது இடத்தில் பெருகவிட்டு உண்கிறது. விதைநெல்லைக் காக்கும் குடியானவரின் கணக்கு. ஆனால் இரை தாராளமாக உள்ள இடத்தில் இவற்றுக்கு நஷ்டமே. அங்கே சேமிக்காத வகைதான் வேகமாகப் பெருகுகிறது.